ஒன்பதாம் பத்தியில் ஒரு தேதி

கோர்ட் வாசலுக்கு நேர் எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி, கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற அளவில் ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. அதில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ரப்பரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, வக்கீல்கள் வைத்தது. பழைய மெஷின் காலத்தில் மற்ற டைப்பிஸ்டுகள் எல்லாரும் அழிக்கிற ரப்பரை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். இவளிடம் மட்டும் அது கிடையாது. தேவைப்பட்டதில்லை. இல்லாத பொருளின் பெயரைச் சொல்லி ஒருத்தியைக் கூப்பிடுகிற குசும்பு வக்கீல்களுக்குத்தான் வரும். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது; பெயர் போகவில்லை.

விவாகரத்து, வாடகைத் தகராறு, எல்லைச்சுவர்ச் சண்டை, அண்ணன் தம்பி அடிதடி என்று ஊர் வயிற்றெரிச்சல் மொத்தமும் அவள் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குள் போகும். தொழிலில் அவளுக்கு இரண்டே கட்டுப்பாடுகள். வக்கீல் எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தை கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். காலி இடம் விட்ட பேப்பரைக் கடையை விட்டு வெளியே அனுப்பமாட்டாள். ஒரு கோடு காலியாகக் கிடந்தால் போதும், கோர்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. கட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் தேதி, கதவு எண், அப்பா பெயர் எது விட்டுப்போயிருந்தாலும் அவளே கேட்டுத் தேடி நிரப்பிவிடுவாள். அவள் அடித்ததை வக்கீல்கள் படித்துப் பார்ப்பதே இல்லை. பலர் கடைசிப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் கடைசியில் அவள் கழுத்தை அறுத்தது.

அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைகள் விடுதியில் வாசம். அப்பா இல்லை. அம்மா அந்த விடுதியில் சமையல்காரி. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பெண்ணுக்குப் படிப்பு. யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சேர்ந்திருப்பார்கள். விடுதியை நடத்தியது ஒரு தர்ம டிரஸ்ட். அதன் வார்டன் சாமான் அறைச் சாவியை எப்போதும் விரலில் சுழற்றிக்கொண்டே நடப்பான். அந்த அறையில் மூன்று வருஷம் அவளுக்கு என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளே அதைத் தன் கையால் ஒரு தடவை டைப் அடித்திருக்கிறாள், தன் வழக்கின் பிராதில், நான்காம் பத்தியில். அதைப் படித்து ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், ஜட்ஜ். அவரே அதற்குள் போகவில்லை. நமக்கு எதற்கு?

பத்தொன்பது வயதில் ஒருநாள் மத்தியானம் அம்மாவிடம் சொன்னாள். அதற்குள் அவர்கள் விடுதியை விட்டு வந்து, இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் இருந்தார்கள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும். மேல இருக்கறவங்களுக்கும் தெரியும். இப்ப அதை எதுக்குக் கிளறிக்கிட்டு? விட்டுடு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த வீட்டில் உப்பு, புளி, தண்ணீர் வரவில்லை, மூட்டு வலி எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை; அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே பதில். அவள் மனசுக்குள் வார்டனை விட அம்மா பெரிதாக உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் பாவம் என்பீர்கள். சொல்லுங்கள், எனக்கென்ன. இருந்தது அப்படித்தான்.

நாற்பத்தெட்டு வயதில்தான் கதை திரும்பியது. அந்த டிரஸ்டுக்கும் பக்கத்து மனைக்காரருக்கும் நிலத் தகராறு. டிரஸ்டின் வக்கீல் பழைய பெட்டி ஒன்றில் இருந்த காகிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, ஆவணப் பட்டியல் அடிக்கச் சொன்னார். வெள்ளையும் சொள்ளையுமாக உடுத்துகிற தாராள மனிதர். பெட்டியை என்ன ஏது என்று பார்க்காமல் கொண்டு வந்து இறக்கிவிட்டார். பட்டா, வரைபடம், வரி ரசீது என்று விரல் போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தேழாவது காகிதம் ஒரு கடிதம். வார்டனைப் பற்றி ஒரு பிள்ளையின் தகப்பன் டிரஸ்டுக்கு எழுதிய புகார். வந்து சேர்ந்ததாகச் செயலாளர் கையெழுத்து, டிரஸ்ட் முத்திரை, தேதி. அவள் அந்த விடுதிக்குப் போவதற்கு ஒரு வருஷம் முந்தைய தேதி.

அவள் "47. புகார்க் கடிதம், ஒரு தாள்" என்று அடித்தாள். அடித்துவிட்டு ஜெராக்ஸ்காரரிடம் போய் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத் தொழிலில் கட்சிக்காரர் காகிதத்துக்கு அவள் நகல் எடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு அறுபத்திரண்டாவது காகிதம் வரை அடித்து முடித்துவிட்டுத்தான் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

அவளிடம் நெடுநாளாக வேலை கொடுக்கும் வக்கீலம்மா ஒருத்தி உண்டு. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவளிடம்தான் நகலை நீட்டினாள். வக்கீலம்மா படித்தாள். பிறகு ரப்பரக்காவின் முகத்தைப் பார்த்தாள். விவரம் கேட்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சொல்ல இவளுக்கு மூன்று நாள் ஆயிற்று.

"அந்த ஆள் செத்துட்டான். அவனைக் கூண்டுல ஏத்த முடியாதுக்கா. ஆனா டிரஸ்ட் சாகல. தெரிஞ்சே அவனை அங்க வச்சிருந்தாங்க. அதுக்குச் சிவில் வழக்குப் போடலாம். நஷ்ட ஈடு கேக்கலாம்."

"நஷ்ட ஈடு எனக்கு எதுக்கு மேடம்?"

"பின்ன என்னதான் வேணும்?"

ரப்பரக்கா யோசிக்கவே இல்லை. "தீர்ப்புல ஒரு வரி. இது நடந்துச்சு, இவங்களுக்குத் தெரியும்னு. ஜட்ஜ் கையெழுத்தோட."

சிரிக்காதீர்கள். தீர்ப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஒரு வரி தீர்ப்பில் ஏறிவிட்டால் அதை டிரஸ்டும் அழிக்க முடியாது, அம்மாவும் விட்டுடு என்று சொல்ல முடியாது. அந்த ஒரு வரிக்காக அவள் மிச்ச ஆயுளையே எழுதிக் கொடுத்திருப்பாள்.

அந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. தனக்குக் கெடுதல் செய்தது யார், அதற்குப் பொறுப்பு யார் என்று தெரிந்த நாளிலிருந்து ஆறு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். குழந்தையாக இருந்தவள் எப்போது தெரிந்துகொள்வாள், தெரிந்தாலும் எப்போது வாய் திறப்பாள் என்பதெல்லாம் சட்டம் போட்டவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பால் பாக்கெட்டில் தேதி அடிக்கிற மாதிரி அடித்துவிட்டார்கள். வக்கீலம்மாவின் கணக்கு தெளிவாக இருந்தது: டிரஸ்டுக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரிந்ததே கடிதத்தைப் பார்த்த அன்றுதான், அன்றிலிருந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

பிராது எழுதவே மாதங்கள் ஓடின. எழுதி முடித்து வக்கீலம்மா கையெழுத்துப் பிரதியைக் கொடுத்த நாள், கோர்ட்டுக்கு ஒரு மாத விடுமுறை விடுவதற்கு முந்தைய நாள். ஒன்பதாம் பத்தியில் ஒரு கோடு காலி. "டிரஸ்டுக்கு இது தெரிந்திருந்தது என்பதை வாதி முதன்முதலில் அறிந்த நாள்" என்று எழுதி, அதன் பின் வெறும் கோடு.

"அந்தப் பட்டியல் என்னிக்கு அடிச்சீங்கன்னு பார்த்துட்டு நான் சொல்றேன்க்கா. அதை மட்டும் விட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வேறொரு வழக்கில் வாதாட உள்ளே ஓடிவிட்டாள். சாயங்காலம் நாலு மணி வரை வெளியே வரவில்லை. நாலரைக்குக் கோர்ட் ஆபீஸ் ஜன்னலை மூடிவிடுவார்கள். நாற்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க முடியவில்லை. இது உங்களுக்குப் புரியவில்லை என்றால் நான் விளக்கிப் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கோட்டைப் பார்த்தாள். விரல் குறுகுறுத்தது. நிரப்பினாள்.

பட்டியல் அடித்த தேதியை அல்ல. பத்தொன்பது வயதில் அம்மாவிடம் சொன்ன அந்த மத்தியானத்தின் தேதியை. அது அவளுக்கு நாள், கிழமை, வெயில் எல்லாம் சேர்த்து மனப்பாடம். தேதியோடு நிற்கவும் இல்லை. வக்கீல் எழுதாத ஒரு வரியைத் தன் தொழிலில் முதன்முதலாகச் சேர்த்தாள்: "அன்று வாதி தன் தாயிடம் இவற்றைச் சொன்னபோது, தனக்கும் தெரியும் என்றும், மேலே இருப்பவர்களுக்கும் தெரியும் என்றும் தாய் கூறினார்."

ஏன் அடித்தாள்? காலி இடம் பொறுக்காத பழக்கம் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள். பாதி அதுதான். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியும் என்பது ஒரு காகிதத்தில் ஏற வேண்டும் என்று முப்பது வருஷமாக அவளுக்குள் ஒரு நெருப்பு. அந்த நெருப்பு அன்று சாயங்காலம் நாலேகாலுக்கு ஒன்பதாம் பத்தியில் இறங்கிவிட்டது. நாலு இருபத்தைந்துக்குக் கட்டு கோர்ட் ஆபீஸுக்குள் போய்விட்டது. வக்கீலம்மா வந்து கேட்டபோது, "நிரப்பிட்டேன் மேடம்" என்றாள். "அதான் ரப்பரக்கா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள் அந்த நல்லவள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்கார வைத்து பிராதை முழுக்கப் படித்துக் காட்டினாள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. காது நன்றாகக் கேட்கும். நான்காம் பத்தியில் கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதாம் பத்தி வந்ததும் திறந்தாள். சண்டை வரும், அழுகை வரும், ஐயோ என்னைச் சந்தி சிரிக்க வச்சிட்டியே என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று மகள் எதிர்பார்த்தாள். கிழவி எழுந்து போய் அடுப்படியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

இரண்டு நாள் கிழவி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் மகள் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள்.

"நான் வந்து சொல்றேன்."

"என்னத்த?"

"ஜட்ஜுகிட்ட. எனக்குத் தெரியும்னு. செக்ரெட்டரிகிட்ட நானே போய்ச் சொன்னேன். உனக்கு வேலை வேணுமா வேணாமான்னு கேட்டாரு. வேணும்னுட்டேன்."

செயலாளரிடம் அம்மா போய்ச் சொன்னாள் என்பது மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு கால் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து கிழவிக்கு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. நல்ல சேலை ஒன்றை எடுத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் தனியாக வைத்தாள். காய் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். "நான் அங்க சமையல்காரி. எனக்குத் தெரியும். என் பொண்ணு அந்த ரூம்லேருந்து வர்றதைப் பார்த்தேன். செக்ரெட்டரிகிட்ட சொன்னேன். அப்புறம் வாயை மூடிக்கிட்டேன்." நடுவில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பக்கத்து அறையில் மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். முப்பது வருஷமாகக் கேட்க நினைத்த வார்த்தை. அவளிடம் நேராகச் சொல்ல மட்டும் கிழவிக்கு வாய் வரவில்லை; ஜட்ஜிடம் சொல்லத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து டிரஸ்ட் தரப்பிலிருந்து ஒரு மனு வந்தது. விசாரணையே தேவையில்லை, வழக்கு காலம் கடந்தது, தள்ளுபடி செய்யுங்கள் என்று. ஆதாரம், வாதியின் பிராது, ஒன்பதாம் பத்தி. வக்கீலம்மா அப்போதுதான் அந்தப் பத்தியை முதன்முதலாகப் படித்தாள். கடைக்கு வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, இந்த வரி யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்."

"ஏன்க்கா?"

"காலியா இருந்துச்சு. அதுவும் உண்மைதானே?"

"அடக் கடவுளே! அம்மா அன்னிக்குச் சொன்னது வெறும் பேச்சுக்கா. முத்திரையோட கடிதத்தைப் பார்த்த அன்னிக்குத்தான் உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது. அப்படித்தான் நான் வாதாடியிருப்பேன். இப்ப நீங்களே உங்க வாயால முப்பது வருஷம் முன்னாடியே தெரியும்னுட்டீங்க." கோபத்தில் ஆரம்பித்தவள் பாதியிலேயே உடைந்துவிட்டாள். "என் மேலதான் தப்பு. படிச்சுப் பார்த்திருக்கணும். உங்க பேப்பரை யாருக்கா படிச்சுப் பார்ப்பா?"

ஒரே வழி திருத்த மனு. கவனக்குறைவால் தவறான தேதி விழுந்துவிட்டது, மாற்ற அனுமதிக்க வேண்டும். அதையும் ரப்பரக்காதான் அடித்தாள். "கவனக்குறைவால்" என்ற சொல்லை அடிக்கும்போது, பிடிக்காத மருந்தை விழுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள் என்று ஜெராக்ஸ்காரர் சொன்னார்.

இரண்டு மனுவும் ஒரே நாளில் ஜட்ஜ் முன்னால் வந்தன. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிஷம். டிரஸ்டின் வக்கீல் அந்த வெள்ளை உடுப்புத் தாராள மனிதர்தான். பதினைந்து வருஷமாக இவளிடம் டைப் அடிக்கக் கொடுப்பவர். கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. போகும்போதும் வரும்போதும் "என்னக்கா, சௌக்கியமா" என்று கேட்பவர். எழுந்து நின்று, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்:

"கவனக்குறைவுன்னு சொல்றாங்க. வாதி யாருன்னு இந்தக் கட்டடத்துல தெரியாதவங்க உண்டா? இவங்க டைப் அடிச்சதுல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு, இங்க யாராவது பார்த்திருக்கீங்களா? இவங்களுக்கு ரப்பரக்கான்னு பேரு வச்சதே அதுக்குத்தானே?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்புதான், பிரியமான சிரிப்பு. குமாஸ்தா சிரித்தார், தெரிந்த வக்கீல்கள் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், ஜட்ஜுக்கும் உதடு லேசாக விரிந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரப்பரக்காவுக்கும் பழக்க தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது தன் வேலையைப் பாராட்டினால் வருகிற சிரிப்பு. அது முகத்தில் இருக்கும்போதே திருத்த மனு தள்ளுபடி ஆயிற்று. பாவி மனுஷி, அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து உத்தரவு கைக்கு வந்தது. நாலு பக்கம். வக்கீலம்மா அதைக் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பீல் போடலாம்க்கா. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ரப்பரக்கா நாலு பக்கத்தையும் படித்தாள். அவள் வரியைத் தேடினாள். இது நடந்தது என்ற வரி. மூன்றாம் பக்கத்தில் அது இருந்த மாதிரி இருந்தது. மறுபடி படித்தாள். "வாதி கூறுவன அனைத்தும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், வழக்கு காலவரம்பைக் கடந்ததாகும். ஆகவே அவற்றின் உண்மைத்தன்மைக்குள் இந்நீதிமன்றம் செல்லவில்லை."

உண்மை என்றே வைத்துக்கொண்டாலும். இந்த வார்த்தைகளை அவள் இருபத்தெட்டு வருஷத்தில் ஆயிரம் தடவை அடித்திருப்பாள். வாடகைக்காரனுக்கு, கடன்காரனுக்கு, பங்காளிக்கு. யாருக்கு அடிக்கிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே ஒருவர் விற்பனைப் பத்திரத்தோடு காத்திருந்தார். "வாங்க" என்று அதை வாங்கி அடிக்க ஆரம்பித்தாள். வக்கீலம்மாதான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது கிழவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

எல்லாம் முடிந்தது, உன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இனி அந்தக் கிழவி எந்த ஜட்ஜிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சேர்த்துவைத்த தைரியத்தை என்ன செய்வாள்? மறுபடி வாயை மூடிக்கொள்வாள். இந்தத் தடவை மூடினால் சாகிற வரைக்கும் மூடினதுதான். முப்பது வருஷக் கோபம் தொண்டை வரை வந்து நின்றது, என் வழக்கைக் கெடுத்ததே உன் தேதிதான் என்று. அதைச் சொல்லியிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

"உன் சாட்சிக்கு இன்னும் தேதி போடலம்மா" என்றாள்.

"காலியாவா விட்டிருக்காங்க?"

"ஆமா."

"எப்பப் போடுவாங்களாம்?"

"சொல்லுவாங்க."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டாள். பீரோவில் சேலை மடிப்பு கலையாமல் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, மகளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"நான் அங்க சமையல்காரி. எனக்குத் தெரியும்."

ரப்பரக்கா பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கடைசி வரை கேட்டாள்.